வாரத்திற்கு எட்டு மணி நேரம், மூன்று துறைகள்: பினாங்கில் டிரையத்லான் பயிற்சியை எப்படிப் பங்கிடுவது?

முழுநேர வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் டிரையத்லானில் இறங்க முடிவெடுத்தால், எந்தச் சைக்கிளை வாங்குவது என்பதுதான் பெரும்பாலும் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். கையில் இருக்கும் சொற்ப நேரத்தை நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் எந்த அளவில், எந்தெந்த நாள்களில் பங்கிடுவது என்பது அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி. சைக்கிளைப் பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். தவறாகப் பங்கிட்ட பதினாறு வாரங்களைத் திரும்பப் பெற முடியாது.

ஒப்பீடு பயன்பட வேண்டுமானால் யாருக்காக ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நான் மனத்தில் வைத்திருப்பவர் பினாங்குத் தீவில் வசிப்பவர். பாயான் லெப்பாஸ் பக்கம் அலுவலக நேர வேலை பார்ப்பவர். ஓரளவு ஓடிப் பழகியவர். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர். குளத்தில் மூச்சு வாங்காமல் 200 மீட்டர் நீந்தத் திணறுபவர். அவருடைய இலக்கு 16 வாரங்களுக்குப் பிறகு வரும் ஒலிம்பிக் தூரப் போட்டி, அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வீரர்கள் போட்டியிட்ட தூரமும் இதுவே. வாரத்திற்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் அவரால் ஒதுக்க முடியாது. லங்காவியில் நடக்கும் முழுத் தூர அயர்ன்மேன் போட்டிக்கு (3.8, 180, 42.2 கிலோமீட்டர்) ஆயத்தமாகிறவரின் கணக்கு வேறு, அதை இங்கே கலக்கவில்லை.

அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சமபங்கு வாரம்: துறைக்கு மூன்று முறை என ஒன்பது பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம். இரண்டாவது, ஒரு துறைக்கு முன்னுரிமை தரும் முறை: நான்கைந்து வாரங்களுக்கு ஒரே துறையில் அழுத்தமாகப் பயிற்சி செய்து, மற்ற இரண்டையும் தேய்ந்துபோகாத அளவுக்கு மட்டும் வைத்திருப்பது. மூன்றாவது, வார இறுதியில் சுமையை ஏற்றும் முறை: வேலை நாள்களில் சிறிய பயிற்சிகள், சனி ஞாயிறுகளில் நீண்ட சைக்கிள் பயணமும் நீண்ட ஓட்டமும்.

முதலில் நிமிடக் கணக்கு

வழிகளை எடைபோடுவதற்கு முன், போட்டியில் நேரம் எங்கே செலவாகிறது என்று பார்த்துவிட வேண்டும். நாம் எடுத்துக்கொண்டவர் 100 மீட்டரை 2 நிமிடம் 40 வினாடியில் நீந்தினால் 1.5 கிலோமீட்டருக்குச் சரியாக 40 நிமிடம் ஆகும். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் சைக்கிளுக்கு ஏறத்தாழ 86 நிமிடம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 வினாடி என்ற கணக்கில் 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு 65 நிமிடம். துறை மாறும் இடங்களில் ஓர் ஐந்து நிமிடம் போனால் மொத்தம் 3 மணி 16 நிமிடம். பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் சைக்கிளின் மேலேயே கழிகிறது. நீச்சல் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே.

இதை மட்டும் பார்த்தால் சைக்கிளுக்கே அதிக நேரம் தர வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு துறையிலும் ஒரு நிமிடத்தைக் குறைக்க நாம் கொடுக்கும் விலை ஒன்றல்ல. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரின் பெரும்பகுதி ஆற்றல் காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அதற்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதால், வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக ஆற்றல் வேண்டியிருக்கிறது. அப்படிப் பாடுபட்டுக் கிடைப்பது எட்டு நிமிடம். நீச்சலில் நிலைமை வேறு. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஆகவே கால்கள் தாழ்ந்து, தலை தூக்கி, உடல் சாய்வாக நகரும் ஒருவர் தன் பலத்தில் பெரும்பகுதியைத் தானே உண்டாக்கிய தடையோடு மல்லுக்கட்டுவதில் வீணாக்குகிறார். உடல் கிடைமட்டமாகி, மூச்சு சீரானாலே, பலம் ஒரு துளியும் கூடாமல் 100 மீட்டர் 2 நிமிடம் 15 வினாடிக்கு இறங்க வாய்ப்புண்டு. அது ஆறு நிமிடத்திற்கு மேற்பட்ட லாபம். தொடக்கநிலையில் உள்ளவருக்கு இதைவிட மலிவாகக் கிடைக்கும் நிமிடங்கள் வேறெங்கும் இல்லை.

ஓட்டத்தின் கணக்குதான் பலரையும் ஏமாற்றுகிறது. டிரையத்லானில் ஓட்டம் சொதப்பினால், ஓட்டப் பயிற்சி போதவில்லை என்றே நினைக்கிறோம். புத்துணர்வோடு ஓடும்போது 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடிக்கக்கூடியவர் போட்டியில் 65 நிமிடம் எடுப்பதற்குக் காரணம், பெரும்பாலும் அதற்கு முந்தைய 40 கிலோமீட்டரில் தொடைகள் தளர்ந்ததும், வெயிலில் உடல் சூடேறியதுமே ஆகும். சைக்கிளில் தாக்குப்பிடிக்கும் வலு கூடக் கூட, ஓட்டத்தின் நேரம் தானாகவே குறைகிறது. சைக்கிளில் செலவிடும் நீண்ட நேரத்திற்கான உண்மையான வட்டி ஓட்டத்தில்தான் கிடைக்கிறது என்பதே என் முடிவுக்கு அடிப்படை.

தீவு விதிக்கும் நிபந்தனைகள்

வேறொரு நாட்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையைப் பினாங்கில் அப்படியே பின்பற்ற முடியாததற்குக் கடிகாரமும் ஒரு காரணம். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டதிலிருந்து, இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகே உதிக்கிறது. எட்டரை மணிக்கு வேலையில் இருக்க வேண்டியவர் காலையில் செய்யும் பயிற்சி முழுவதும் இருட்டிலேயே நடக்கும். ஓட்டத்திற்கு அது பெரிய தடையில்லை. யூத் பார்க் பக்கமோ கர்பால் சிங் டிரைவிலோ விளக்கொளியில் ஓடலாம். தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் விரைந்து பாயும் அந்த நேரத்தில் பாயான் லெப்பாஸ் சாலைகளில் சைக்கிள் பயிற்சி செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாலையில் ஏழு மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் இடியுடன் கூடிய மழை மாலைப் பொழுதையே தேர்ந்தெடுத்துக் கொட்டும். மின்னல் கண்டால் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே, வேலை நாள் மாலையில் நீச்சல் பயிற்சி வைத்திருப்பவர் அதற்கு ஒரு மாற்று நாளையும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சியின் தீவிரத்தை அளக்கும் விதத்தையே அது மாற்றிவிடுகிறது. அதிகாலையில் வெப்பநிலை 25 பாகையாக இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடல் குளிர்ச்சி தேடித் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு சுருங்க, அதை ஈடுகட்ட இதயத் துடிப்பு ஏறுகிறது. வேகத்தைக் கூட்டாமலேயே 40ஆவது நிமிடத்தில் துடிப்பு பத்துப் பதினைந்து அதிகமாகக் காட்டினால் வியப்படைய வேண்டியதில்லை. இங்கே எளிய ஓட்டத்தைக் கிலோமீட்டர் வேகத்தால் அளப்பவர் தன்னை அறியாமலேயே கடின ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்ற பழைய சோதனை, விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைவிட நம் ஊருக்கு அதிகம் பொருந்தும்.

நார்வேயில் பணிபுரியும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர், தேர்ந்த தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிய தீவிரத்திலேயே நடப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்த வீரர்கள் வாரத்திற்கு எட்டு மணி நேரம் மட்டும் பயிற்சி செய்கிறவர்கள் அல்லர் என்பதால் அந்த விகிதத்தை நாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் வாரத்திற்கு ஏழு பயிற்சிகள் செய்கிறவர் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் கடினமாக வைத்துக்கொள்வது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும்.

சமபங்கு வாரம்

இதன் கவர்ச்சி அதன் நியாயத்தில் இருக்கிறது. எந்தத் துறையும் புறக்கணிக்கப்படுவதில்லை. ஒரு நாள் தவறினாலும் பெரிய இழப்பில்லை. ஒவ்வொரு பயிற்சியும் சிறியதாக இருப்பதால் உடலும் திடீரென அதிர்ச்சி அடைவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் மூன்று வாரங்களுக்கு இது நல்ல வழியே.

அதன் குறை அட்டவணையில் தெரியாது. எனக்கு 50 நிமிட நீச்சல் பயிற்சி ஒன்றுக்கு, குளத்திற்குப் போக, வர, உடை மாற்ற, குளிக்க என மேலும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகிறது. ஒன்பது பயிற்சிகள் என்றால் ஒன்பது முறை ஆயத்தமாகி, ஒன்பது முறை துவைத்து, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்ய வேண்டும். காகிதத்தில் எட்டு மணி நேரம் என்று இருப்பது வீட்டாரின் கணக்கில் பதினான்கு மணி நேரம். அவர்கள் கணக்கே சரியானது. நான் இந்த முறையைப் பின்பற்றிய காலத்தில், ஏழாவது வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கியது. காரணம் ஓட்டத்தின் தூரமல்ல; எல்லாப் பயிற்சிகளும் ஒரே நீளத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே நடுத்தர வேகத்தில் செய்துகொண்டிருந்தேன், எளிய நாள் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

அதைவிடப் பெரிய குறை, 50 நிமிட சைக்கிள் பயிற்சிகள் எத்தனை சேர்ந்தாலும் மூன்று மணி நேரப் பயணம் ஒன்றிற்கு ஈடாகாது என்பது. இருக்கையில் அமரும் பழக்கம், ஓட்டிக்கொண்டே குடிப்பது, உண்பது, இரண்டாவது மணி நேரத்தில் தொடை கனக்கும்போது மிதியின் சீர் குலையாமல் காப்பது ஆகியவை நீண்ட பயணத்தில் மட்டுமே கைகூடும்.

ஒரு துறைக்கு முன்னுரிமை

இந்த வழிக்கு அறிவியல் துணை உண்டு. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த ஆய்வுகளில், வாரத்திற்கு ஆறு நாள் கடினமாகப் பயிற்சி செய்து பெற்ற ஆக்சிஜன் உள்ளிழுப்புத் திறன், பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தபோதும் 15 வாரங்கள் வரை தங்கியிருந்தது; ஆனால் தீவிரத்தைக் குறைத்தபோது அது தேய்ந்தது. அதாவது, ஏற்கெனவே ஓடிப் பழகிய ஒருவர் ஐந்து வாரங்களுக்கு ஓட்டத்தை இரண்டு முறையாகக் குறைத்து, அவற்றில் ஒன்றைச் சற்று விரைவாக ஓடினால், பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார். அப்படி மிச்சமாகும் நேரத்தில் வாரத்திற்கு நான்கு முறை நீந்தலாம்.

நீச்சலில் நான்கு முறை என்பதற்குத் தனிப் பொருளுண்டு. அது தசையைவிட நரம்புகள் கற்கும் திறன்; வாரத்திற்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, நான்கு முறை அரை மணி நேரம் நீந்துவதே கைக்குத் தண்ணீரின் பிடியைக் கற்றுத் தரும். வீணை கற்கும் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க உட்கார வைக்க மாட்டோம் அல்லவா?

கடலில் நீந்தி இதைச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடற்பகுதிகளில் ஜெல்லி மீன்கள் உண்டு. பெட்டி வடிவ உடல் கொண்ட, நச்சு மிகுந்த வகையும் அவற்றில் அடங்கும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் அவை கண்ணுக்கும் தெரியாது. போட்டிக்கு முந்தைய வாரங்களில் கடல் நீச்சல் இரண்டு மூன்று முறையாவது வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதைக் குழுவாக, உடல் மறைக்கும் உடையோடு, கரையில் ஆள் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். நுட்பம் பழகுவதற்கு ஸ்பைஸ் வளாகத்தில் உள்ளதைப் போன்ற குளமே ஏற்றது.

இந்த முறையின் ஆபத்து, பிடித்த துறைக்கே முன்னுரிமை போய்விடுவது. ஓடத் தெரிந்தவர் ஓட்டத்தையே தேர்ந்தெடுத்து, பலவீனத்தைத் தள்ளிப்போடுவதற்கு ஓர் அழகான பெயரைச் சூட்டிக்கொள்வார். பதினாறு வாரத்தில் மூன்று துறைக்கும் ஐந்தைந்து வாரம் என்று சுழற்றுவதும் வீண். கடைசிச் சுற்றுக்குள் முதல் சுற்றில் கற்றது மங்கிவிடும்.

வார இறுதிச் சுமை

இதை வகுத்துப் பார்த்தால் இப்படி வரும்: செவ்வாயும் வியாழனும் தலா 50 நிமிட நீச்சல், புதன் காலையில் 40 நிமிட ஓட்டம், மாலையில் வீட்டுக்குள் நிறுத்தி வைத்த சைக்கிளில் 45 நிமிடக் கடினப் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணி நேர சைக்கிள், இறங்கியவுடன் 15 நிமிட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை 75 நிமிட எளிய ஓட்டம். திங்களும் வெள்ளியும் ஓய்வு. மொத்தம் ஏழரை மணி நேரத்திற்குச் சற்று அதிகம். அதில் நான்கரை மணி நேரம் வார இறுதியில்.

பினாங்கின் அமைப்பு இந்த வழிக்குக் கைகொடுக்கிறது. தீவைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி கடந்து தெலுக் பஹாங் வரை கடலோர வளைவுகள். அங்கே அணையைத் தாண்டித் தித்தி கெராவாங் மேட்டில் ஏற்றம். இறங்கினால் பாலிக் புலாவ் சமவெளி. மறுபடி ஓர் ஏற்றம் கடந்து தெலுக் கும்பார் வழியாகப் பாயான் லெப்பாஸ். ஒரே பயணத்தில் சமதளம், ஏற்றம், இறக்கம் மூன்றும் கிடைக்கும் இப்படிப்பட்ட பாதை கோலாலம்பூர் நண்பர்களுக்கு வாசலில் கிடைப்பதில்லை. சூரியன் எழும் நேரத்தில் புறப்பட்டால் ஊர் விழிப்பதற்குள் குறுகலான கடலோரச் சாலையைக் கடந்துவிடலாம். டுரியான் காலத்தில் மட்டும் பாலிக் புலாவ் சாலை வார இறுதியில் கார்களால் நிரம்பிவிடும். அந்த வாரங்களில் பாதையை மாற்றிக்கொள்வது நல்லது. பயணம் முடிந்து ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்துவிட்டால் அந்த 15 நிமிட ஓட்டம் நடக்கவே நடக்காது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கல்யாணம், கோயில் திருவிழா, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் வார இறுதியில்தான் வரும். ஒரு சனிக்கிழமை மழையில் போனால் வாரத்தின் முதுகெலும்பே போய்விடுகிறது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அப்போது மூன்று மணி நேரம் வெளியே மூச்சிரைக்கப் பயிற்சி செய்வது அறிவுடைமை ஆகாது. தைப்பூசத்திற்கு விரதம் இருப்பவர்கள் அந்த நாள்களில் கடினப் பயிற்சியை விட்டுவிடுவதே முறை. காவடியோடு வெறுங்காலில் நடந்து தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறுவது ஒரு வாரத்திற்குப் போதுமான உழைப்பு.

எதைத் தேர்ந்தெடுப்பது

நான் எடுத்துக்கொண்டவருக்கு மூன்றாவது வழியையே சொல்வேன், ஒரு திருத்தத்தோடு: முதல் ஐந்து வாரங்கள் இரண்டாவது வழியைக் கடன் வாங்கி நீச்சலுக்குத் தர வேண்டும். அந்த வாரங்களில் நான்கு நீச்சல், இரண்டு ஓட்டம், சனிக்கிழமை ஒன்றரை மணி நேர சைக்கிள், இடையில் வீட்டுக்குள் ஒரு சைக்கிள் பயிற்சி. ஆறாவது வாரத்திலிருந்து நீச்சலை இரண்டாகக் குறைத்து, சனிக்கிழமைப் பயணத்தை வாரத்திற்கு 15, 20 நிமிடமாக நீட்டிக்கொண்டே போய் மூன்று மணி நேரத்தில் நிறுத்த வேண்டும். ஞாயிறு ஓட்டத்தை இதைவிட மெதுவாகவே கூட்ட வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும்.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு அந்த ஐந்து வாரங்கள் தேவையில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் சனிக்கிழமை காலையை முழுதாகக் கேட்பது நியாயமில்லை. அவருக்குச் சமபங்கு வாரமே, ஒன்பதை ஆறாகக் குறைத்து, பொருந்தும். தொழிற்சாலையில் நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்று 12 மணி நேர ஷிப்டில் இருப்பவர்கள் ஏழு நாள் வாரத்தையே மறந்துவிட்டு எட்டு நாள் சுற்றாகக் கணக்கிடுவது நல்லது. வேலை நாள்களில் ஒரு சிறிய ஓட்டம் மட்டும். ஓய்வு நாள்களில் முதல் நாள் உறக்கம், அடுத்த மூன்று நாள்களில் நீண்ட சைக்கிள், நீண்ட ஓட்டம், மூன்று நீச்சல். இரவு ஷிப்ட் முடித்த காலையில் சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மற்ற நாள்களில் ஊர் வேலைக்குப் போயிருக்கும்போது காலியான சாலையும் குளமும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. அலுவலக நேரக்காரர்களுக்கு இல்லாத வசதி அது.

திருத்தம் பலித்ததா என்பதை ஐந்தாவது வாரக் கடைசியில் குளத்திலேயே சோதிக்கலாம். நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டர் முழு முயற்சியோடு நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போதிய ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100 மீட்டரைத் தளராமல் நீந்தக்கூடிய வேகம் தெரியும். 400க்கு 10 நிமிடம், 200க்கு 4 நிமிடம் 40 வினாடி என்றால் வித்தியாசம் 320 வினாடி. 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 வினாடி. முதல் வாரத்திலும் இதே சோதனையைச் செய்து எழுதி வைத்திருந்து, ஐந்து வாரத்தில் பத்து வினாடிகூடக் குறையவில்லை என்றால், நீச்சல் நாள்களை மேலும் கூட்டிப் பயனில்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் நுட்பம் கற்றுத்தரும் ஒரு பயிற்றுநரிடம் நான்கு வகுப்புகளுக்குச் செலவழித்துவிட்டு, சனிக்கிழமைப் பயணத்தைத் திட்டமிட்டபடி தொடங்கிவிடுங்கள்.